சனிக்கிழமை எங்கே சந்திப்பது?

2023-இல் ஒரு புதன்கிழமை மதியம் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். சின்ன ஸ்க்ரிப்ட்தான், ஐம்பது வரிகூட வராது. நான் அப்போது வேலைபார்த்த நிறுவனம், கொரோனா காலத்தில் ஆரம்பித்த 'முப்பரிமாண வகுப்பறை' என்கிற தயாரிப்பை மூடிவிட முடிவெடுத்திருந்தது. அதிலிருந்த அறைகள், கரும்பலகைகள், பயனர் கணக்குகள், யார் யாரை நண்பராகச் சேர்த்திருந்தார்கள் என்ற பட்டியல் எல்லாவற்றையும் மாதக் கடைசியில் டேட்டாபேஸிலிருந்து துடைக்க வேண்டும். அதற்கான ஸ்க்ரிப்ட் அது. டெஸ்ட் சர்வரில் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஸ்டாண்டப் மீட்டிங்கில் 'முடிஞ்சுது' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் சப்போர்ட் பெட்டியில் ஒரு டிக்கெட் வந்தது. எழுதியவர் ஒரு கணித ஆசிரியை. "சார், நாங்கள் பதினான்கு பேர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ராத்திரி ஏழரைக்கு வேப்பமர அறையில் சந்திக்கிறோம். எங்களில் பலருக்கு மற்றவருடைய போன் நம்பர் தெரியாது. நிஜப் பெயர்கூடச் சிலருக்குத் தெரியாது. இனிமேல் சனிக்கிழமை எங்கே சந்திப்பது?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் ரெடிமேட் பதில் இருந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. எங்களுடன் பயணித்தமைக்கு மகிழ்ச்சி.' ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடும். போய்விட்டது.

அந்த டீச்சருக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய நேர்மையான பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும். அந்தக் கோபத்தில் பாதி என்மீதும் என் தொழில்மீதும்தான்.

*

மெய்நிகர் உலகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இரண்டு கோஷ்டிகள் வந்துவிடும். ஒரு கோஷ்டி ஹெட்செட்டை விற்கும். ஆசிரியர்கள் எல்லோரும் அதை மாட்டிக்கொண்டால் உலகமே ஒரு ஸ்டாஃப் ரூம் ஆகிவிடும் என்று ஸ்லைடு காட்டும். இன்னொரு கோஷ்டி சிரிக்கும். கால் இல்லாத பொம்மைகள், யாருமே இல்லாத தீவுகள், ஃபேஸ்புக் தன் தாய்நிறுவனத்தின் பெயரை 2021-இல் 'மெட்டா' என்று மாற்றிய கூத்து, அடுத்த வருடமே அந்தப் பிரிவில் மட்டும் வந்த 1,370 கோடி டாலர் நஷ்டம். சிரிக்கக் காரணம் நிறையவே இருக்கிறது.

நான் இரண்டு கோஷ்டியிலும் இல்லை. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்க மெய்நிகர் உலகங்கள் உண்மையாகவே உதவின. ஒருமுறை அல்ல, முப்பது வருடங்களில் திரும்பத் திரும்ப. அதை வேலைசெய்ய வைத்தது முப்பரிமாணம் அல்ல, ஆசிரியர்களே போட்ட உழைப்பு. அந்த உழைப்பில் உருவான உறவுகளை எங்களைப் போன்றவர்கள் எங்கள் சர்வரில் பூட்டி வைத்தோம். வியாபாரம் சரிவராதபோது சர்வரோடு சேர்த்து உறவுகளையும் அணைத்தோம். இதற்கு 'தனிப்பட்ட கற்றல் வலைப்பின்னல்' என்று கல்வித்துறையில் ஒரு பெயர் உண்டு. தனிப்பட்டதாம்! யாருடைய தனிப்பட்டது? கம்பெனியுடையது.

*

முதலில் ஆசிரியரின் தனிமையைப் பற்றிப் பேச வேண்டும். அது புரியாமல் வேப்பமர அறை புரியாது.

டான் லார்ட்டி என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1975-இல் 'ஸ்கூல்டீச்சர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். பள்ளிக்கூடத்தை அவர் முட்டை அட்டையோடு ஒப்பிட்டார். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஆசிரியர். பக்கத்துக் குழியில் என்ன நடக்கிறது என்று இந்தக் குழிக்குத் தெரியாது. அட்டையின் வேலையே முட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதானே.

என் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் ஒரு தப்பான வரி எழுதினால் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் கோட் ரிவ்யூவில் வந்து, 'என்ன மச்சி இது' என்று கேட்பார். எனக்கு ஒன்று தெரியவில்லை என்றால், அதே கேள்வியைப் பத்து வருடத்துக்கு முன்பு எவனோ ஒருவன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்டு வைத்திருப்பான். தெரியாது என்று சொல்வது எங்களுக்குத் தினசரி வேலை. ஒரு ஆசிரியருக்கு அப்படி இல்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் 'தெரியாது' என்று சொல்வது கஷ்டம். தலைமையாசிரியர் முன்னால் இன்னும் கஷ்டம். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் மதியத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். என் அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை. ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எமிஸ்ல ஏத்தியாச்சா, நெட் கெடைக்குதா, யாருக்கு டிரான்ஸ்ஃபர். இதாண்டா" என்றாள். பாடத்தைப் பற்றி? "அதுக்கு எங்கடா நேரம்?"

இப்போது வேப்பமர அறைக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அங்கே ஆடியோ வேலை செய்யவில்லை என்று புகார் வர, சரிசெய்யப் போன நான் வேலை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு பொம்மைகள், நாங்கள் வடிவமைத்த சுமாரான வேப்பமரத்தைச் சுற்றி நின்றன. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பொம்மை சொன்னது: "பதினோரு வருஷமா ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். பின்னத்தைப் பின்னத்தால வகுக்கும்போது ரெண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கணும்னு சொல்லிக் கொடுக்கிறேன். ஏன் தலைகீழாக்கணும்னு எனக்கே தெரியாது. ஒரு பொண்ணு போன வாரம் கேட்டுட்டா. சிலபஸ்ல இல்லைன்னு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நொடி அமைதி. பிறகு நீலச்சட்டை பொம்மை ஒன்று கரும்பலகைக்குப் போனது. முக்காலை மூன்றில் இரண்டால் வகுக்க வேண்டும். இரண்டையும் பன்னிரண்டில் இத்தனை என்று மாற்றி எழுதுங்கள் என்றார் அவர். முக்கால் என்பது பன்னிரண்டில் ஒன்பது. மூன்றில் இரண்டு என்பது பன்னிரண்டில் எட்டு. இப்போது இரண்டும் ஒரே அளவுத் துண்டுகள். ஒன்பது துண்டில் எட்டுத் துண்டு எத்தனை முறை இருக்கிறது? ஒன்பதின் கீழ் எட்டு. தலைகீழாக்கிப் பெருக்கினாலும் அதே ஒன்பதின் கீழ் எட்டுதான். தலைகீழாக்குவது மந்திரம் இல்லை, இந்த வேலைக்கு ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான்.

மஞ்சள் தொப்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "திங்கக்கிழமை அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்றார்.

இன்ஜினியரிங் படித்த நானும் அன்றுதான் அதைப் புரிந்துகொண்டேன். எனக்கும் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பதினோரு வருட அனுபவத்துக்குப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல ஒரு மஞ்சள் தொப்பி தேவைப்பட்டிருக்கிறது. சிரிக்கிற கோஷ்டிக்கு இது புரிவதில்லை. பொம்மை முகம் போலி முகம் என்கிறார்கள். சரிதான். அந்தப் போலி முகம் இருந்ததால்தான் ஓர் உண்மை வெளியே வந்தது. நிஜ முகத்தோடு அவர் பதினோரு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

இது ஏதோ எங்கள் கம்பெனி கண்டுபிடித்த அதிசயம் இல்லை. எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் 'உலகில் முதன்முறையாக' என்று ஸ்லைடில் போட்டார். பாவம், அவருக்கு வரலாறு தெரியாது. எங்கள் தொழிலில் யாருக்குமே தெரியாது, அதுதான் பிரச்சினை.

1993-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஏமி ப்ரக்மன் என்ற ஆய்வு மாணவி 'மீடியாமூ' என்ற உலகத்தைத் திறந்தார். படம் கிடையாது, வெறும் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டச்சு செய்தால் அடுத்த அறையின் வர்ணனை திரையில் வரும். அறையில் இருப்பவர்கள் பேசுவதும் எழுத்தாகவே ஓடும். கணினியை வைத்து எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் அங்கே ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை இரவும் கூடினார்கள். 'டியூஸ்டே கஃபே' என்று பெயர். காபி கிடையாது. தங்கள் கல்லூரியில் இந்த விஷயத்தைப் பேச ஆளில்லாதவர்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் துறை.

1997-இல் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் 'டேப்ட் இன்' தொடங்கியது. இதுவும் எழுத்து உலகம்தான், ஆனால் ஆசிரியர்களுக்கென்றே கட்டப்பட்டது. ஒரு கட்டடம், அதில் மாடிகள், வரவேற்பறை, ஆசிரியர் ஒவ்வொருவரும் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அலுவலக அறை. முதல்முறை வருகிறவர் திக்குத் தெரியாமல் நிற்கும்போது வரவேற்பறையில் ஒரு தன்னார்வலர் வணக்கம் சொல்வார். பள்ளி விட்ட பிறகு குறித்த நேரத்தில், குறித்த தலைப்பில் கலந்துரையாடல்கள் நடக்கும். அவற்றை நடத்தியதும் ஆசிரியர்கள்தான். 2013 வரை அந்த இடம் இயங்கியது. பதினாறு வருடங்கள்! இன்றைக்கு எந்த எட்-டெக் ஆப் பதினாறு வருடம் நிற்கிறது?

அப்புறம் செகண்ட் லைஃப். லிண்டன் லேப் 2003-இல் பொதுமக்களுக்குத் திறந்த முப்பரிமாண உலகம். கல்வித் தொழில்நுட்பத்துக்கான அமெரிக்க அமைப்பான ஐ.எஸ்.டி.இ. அங்கே ஒரு தீவை வைத்திருந்தது. அங்கேயும் ஆசிரியர்களே வழிகாட்டிகளாக முறைபோட்டு நின்று, புதிதாக வந்து சுவரில் முட்டிக்கொள்கிறவரைக் கைபிடித்து அழைத்துப்போனார்கள். நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் நடுநிலைப் பள்ளி, பதின்பருவத்தினருக்கான தனிப் பகுதியில் தீவுகள் வாங்கிப் பாடம் நடத்தியது. 2007-இல் ஆசிரியர்கள் தாங்களே ஒரு மாநாடு ஆரம்பித்தார்கள்.

நான் அதைப் பார்த்தது கல்லூரி ஹாஸ்டலில். விடிகாலை ஆறரை என்றால் அங்கே கலிஃபோர்னியாவில் முந்தின நாள் மாலை. என் கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பொம்மை ஒரு அடி எடுத்துவைத்தால் அடுத்த அடிக்கு நான் பல் தேய்த்துவிட்டு வரலாம். ஏதோ ஒரு தீவில் ஒரு அறிவியல் ஆசிரியர், செல்லுக்குள் நடந்து போகிற மாதிரி கட்டியிருந்ததைச் சுற்றிக்காட்டினார். நான் மாணவன், தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொன்னேன். "பரவாயில்லை, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?" என்று கேட்டார். என் வாழ்நாளில் ஓர் ஆசிரியர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. 'மனப்பாடம்' என்று பதில் எழுதினேன்.

*

இந்த மூன்று இடங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டில் படமே இல்லை, ஒன்றில் முழுக்கப் படம். ஆனால் வேலைசெய்த விஷயங்கள் ஒன்றுதான். முதலாவது, குறித்த நேரம். செவ்வாய் இரவு, பள்ளி விட்டபின், சனிக்கிழமை ஏழரை. இரண்டாவது, வாசலில் ஒரு ஆள். புதிதாக வருகிறவரைப் பார்த்து வாங்க என்று சொல்வதற்கு. மூன்றாவது, கூட்டம் முடிந்த பிறகும் நின்று பேச ஓர் இடம்.

இந்த மூன்றில் எதையுமே எங்கள் தொழில் செய்யவில்லை. நேரம் குறித்தது ஆசிரியர்கள். வாசலில் நின்றது ஆசிரியர்கள், சம்பளமில்லாமல். நின்று பேசியதும் அவர்கள்தான். நாங்கள் மரத்துக்கு இலை வைத்தோம். அதற்குத்தான் முதலீடு வந்தது, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வாசலில் ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நிறுத்தலாம் என்று நான் ஒரு மீட்டிங்கில் சொன்னபோது, 'ஸ்கேல் ஆகாது' என்றார்கள். ஆகாதுதான். தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்று வரவேற்பதும் ஸ்கேல் ஆகாது. அதற்காக யாரும் கல்யாண வாசலில் மெஷினை நிறுத்துவதில்லை.

'அப்படியென்றால் முப்பரிமாணம் எதற்கு? ஒரு வாட்ஸப் குரூப் போதுமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில்: வாட்ஸப் குரூப்பில் எல்லோரும் எப்போதும் இருக்கிறார்கள், அதனால் யாரும் எப்போதும் இல்லை. குட் மார்னிங் படங்களுக்கும் அரசாணை பி.டி.எஃப்.களுக்கும் நடுவில் ஒருத்தர் 'எனக்குப் பின்னம் புரியவில்லை' என்று எழுத மாட்டார். எழுதினால் அது அங்கேயே கிடக்கும், ஸ்க்ரீன்ஷாட்டாக வெளியே போகும். ஜூமில் என்றால் கூட்டம் முடிந்த நொடியில் எல்லோரும் கட்டம் கட்டமாக மறைந்துவிடுகிறார்கள். செருப்பு மாட்டும் நேரம், பைக் எடுக்கும் நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. மேடையில் சொல்லாததை நாம் அந்த நேரத்தில்தான் சொல்வோம். 'இடம்' என்ற உணர்வு வேண்டும். அதை எழுத்தாலும் உண்டாக்கலாம், படத்தாலும் உண்டாக்கலாம். டேப்ட் இன்னின் வரவேற்பறை வெறும் நாலு வரி வர்ணனை. அதிலேயே மனிதர்கள் நின்று பேசினார்கள். முப்பதாயிரம் ரூபாய் ஹெட்செட் இல்லாமலே.

ஹெட்செட் விற்கிற கோஷ்டிக்கு இது கசக்கும். ஆசிரியருக்கு ஆசிரியர்தான் தேவை, கருவி அடுத்ததுதான். கருவி எவ்வளவு கனமாகிறதோ அவ்வளவு பேர் வெளியே நிற்பார்கள். ஹாஸ்டலில் பல் தேய்த்துக்கொண்டு காத்திருந்த நான் அப்படி வெளியே நின்றவன்தான்.

*

இப்போது வாடகை விஷயத்துக்கு வருவோம்.

செகண்ட் லைஃபில் நிலம் என்று சொல்வார்கள். 256 மீட்டர் நீளம், 256 மீட்டர் அகலம், ஒரு தீவு. 2010-இல் அதற்கு மாதம் 295 டாலர். கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலை. வருடத்துக்கு 1,770 டாலர். 2010 ஜூனில் லிண்டன் லேப் தன் ஊழியர்களில் முப்பது சதவீதம் பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அக்டோபரில் அறிவிப்பு வந்தது: ஜனவரி முதல் கல்விச் சலுகை கிடையாது. பதின்பருவத்தினருக்கான தனிப் பகுதியும் அதே புத்தாண்டோடு மூடப்பட்டது. ஒரு பள்ளியின் வருடச் செலவு ஒரே அறிவிப்பில் இரட்டிப்பானது. பள்ளிக்கூட பட்ஜெட் முந்தின வருடமே போடப்பட்டிருக்கும். அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் மூன்று மாதம்கூட இல்லை.

ஒரு கம்பெனி விலை ஏற்றக்கூடாதா? ஏற்றலாம். அவர்களும் பிழைக்க வேண்டும். 2013-இல் அந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கோபம் விலைமீது இல்லை. 'நிலம்' என்ற சொல்மீது. நிலத்தை விட்டுப் போகிறவன் வீட்டின் ஓட்டையும் உத்திரத்தையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அங்கே அப்படி முடியாது. தீவை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போக லிண்டன் லேப் வழி வைக்கவில்லை. ஆசிரியர்கள் ராத்திரி கண்விழித்துக் கட்டிய செல்லும், சூரியக் குடும்பமும், நூலகமும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அதை நிலம் என்று சொல்லக்கூடாது. லாட்ஜ் ரூம் என்று சொல்ல வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2007-லேயே 'ஓப்பன்சிமுலேட்டர்' என்ற கட்டற்ற மென்பொருள் வந்துவிட்டது. அதில் ஒரு தீவு முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமித்து, எங்கே வேண்டுமானாலும் மறுபடி விரிக்கலாம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த 'ஜோகேடியா' என்ற கல்வியாளர் குழு அப்படித் தங்களுக்கென்று ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டது. தொழில்நுட்பரீதியில் இது சாத்தியம் என்று ஒரு தன்னார்வக் கூட்டம் நிரூபித்துவிட்டது. அதற்குப் பிறகும் பெரிய கம்பெனிகள் அந்த வசதியைத் தரவில்லையென்றால், முடியாமல் இல்லை. மனமில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து அதே படம் மறுபடி ஓடியது. 2020 பிப்ரவரியில் 'எஜுகேட்டர்ஸ் இன் வி.ஆர்.' என்ற குழு பல நாள் சர்வதேசக் கூட்டம் ஒன்றை மெய்நிகர் உலகங்களிலேயே நடத்தியது. அவற்றில் ஒன்று ஆல்ட்ஸ்பேஸ். மைக்ரோசாஃப்ட் 2017-இல் வாங்கியது. 2023 மார்ச் 10 அன்று மூடியது. இன்னொன்று மோசில்லா ஹப்ஸ். 2024 மே மாதக் கடைசியில் மோசில்லா அதைக் கைவிட்டது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் பாருங்கள். ஹப்ஸின் நிரல் முழுக்கக் கட்டற்றது. அதனால் மோசில்லா விலகியதும் தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். ஆல்ட்ஸ்பேஸை எடுத்து நடத்த யாருக்கும் வழியில்லை. இரண்டையும் மூடியது கம்பெனிதான். ஒன்றில் சாவியைப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள், இன்னொன்றில் சாவியோடு போய்விட்டார்கள்.

*

என்னோடு வேலைபார்க்கும் நண்பனிடம் இதையெல்லாம் கொட்டியபோது அவன் ஒன்று கேட்டான். "எல்லாம் ஒருநாள் மூடத்தானே செய்யும்? உங்க ஊர் டீக்கடை மூடலையா? அதுக்குக் கட்டுரை எழுதினியா?"

நல்ல கேள்வி. எங்கள் ஊரில் ஆசிரியர்கள் சாயங்காலம் கூடும் ஒரு டீக்கடை இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது இடித்தார்கள். மறுநாள் சாயங்காலம் அதே ஆசிரியர்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த இன்னொரு கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கடை போனது, கூட்டம் போகவில்லை. ஏனென்றால் டீக்கடைக்காரர், 'நீங்கள் இங்கே சந்தித்ததால் உங்கள் அறிமுகம் எனக்குச் சொந்தம்' என்று சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் முகம் தெரியும், தெரு தெரியும்.

மீடியாமூவின் கதையும் இதைத்தான் சொல்கிறது. ஒரு கட்டத்தில் டியூஸ்டே கஃபே அங்கிருந்து 'கனெக்‌ஷன்ஸ்' என்ற வேறொரு உலகத்துக்குக் குடிபெயர்ந்தது. மீடியாமூ மெல்ல அடங்கியது. அது ஏன் அடங்கியது என்று பின்னர் ப்ரக்மனே இன்னொருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தால் இடம் மாற முடிந்தது. அவர்களுக்குள் தொடர்பு இருந்தது. உலகம் செத்தது, கூட்டம் நடந்துபோய்விட்டது. செகண்ட் லைஃபில் ஆசிரியர்கள் 2007-இல் தொடங்கிய அந்த மாநாடும் அப்படித்தான். விலை ஏறியது, தீவுகள் காலியாயின, மாநாடு மட்டும் இன்னும் வருடாவருடம் நடக்கிறது. அதற்கென்று சொந்தமாக ஓர் அமைப்பு, தன்னார்வலர் குழு, உலகத்துக்கு வெளியே ஒரு முகவரி இருக்கிறது.

எங்கள் வேப்பமர அறையில் அது இல்லை. பதினான்கு பேரின் அறிமுகமும் எங்கள் டேட்டாபேஸில் ஒரு அட்டவணையாக இருந்தது. அந்த டீச்சருக்கு மற்றவர்களின் மின்னஞ்சலைக் கொடுக்கலாமா என்று சட்டப் பிரிவில் கேட்டேன். தனியுரிமைக் கொள்கைப்படி முடியாது என்றார்கள். எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பி, விருப்பமுள்ளவர்களைச் சேர்த்துவிடலாமே என்றேன். மூடுகிற தயாரிப்புக்கு அந்த வேலையை யார் செய்வது என்றார்கள். அவர்களுடைய தனியுரிமையைக் காப்பாற்றுவதற்காக அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றினோம். நன்றாகவே காப்பாற்றினோம்.

*

கோபம் போதும். என்ன செய்யலாம்?

என் தொழில்காரர்களிடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, மக்கள் கூடுகிற எதைக் கட்டினாலும் மூடுவிழாவை முதல் நாளே வடிவமையுங்கள். ஒரு குழுவில் இருப்பவர்கள், சம்மதிக்கிற எல்லோருடைய முகவரியோடும் ஒரே பட்டனில் வெளியே போக முடிய வேண்டும். மூன்று நாள் வேலை. நான் செய்திருக்கலாம், செய்யவில்லை. இரண்டு, கட்டியதை எடுத்துக்கொண்டு போகும்படி வையுங்கள். மூன்று, வெறும் எழுத்திலும் உள்ளே வரமுடிய வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர் வாசலில் நிற்கக் கூடாது.

கல்வித்துறையில் முடிவெடுக்கிறவர்களுக்கு: ஹெட்செட் வாங்க ஒதுக்குகிற காசில் பாதியை, வாரம் நாலு மணிநேரம் வாசலில் நிற்கும் ஆசிரியருக்குக் கொடுங்கள். அவருடைய வகுப்பு நேரத்தைக் குறையுங்கள். வலைப்பின்னல் என்பது அவர்தான்.

ஆசிரியர்களுக்கு நான் அறிவுரை சொல்லக்கூடாது. ஆனாலும் ஒன்று. எங்கள் உலகத்துக்கு வாருங்கள், மஞ்சள் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒரு நோட்டை எடுத்து, விருப்பமுள்ளவர்களின் தொடர்பு முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். காகித நோட்டு. எங்களை நம்பாதீர்கள்.

*

கடைசி சனிக்கிழமை ஏழரைக்கு நான் வேப்பமர அறைக்குப் போனேன். சப்போர்ட் ஊழியருக்கான பொம்மை, நெஞ்சில் கம்பெனி லோகோவோடு. கரும்பலகையில் எழுதினேன்: "செவ்வாய்க்கிழமை இந்த அறை இருக்காது. விருப்பமுள்ளவர்கள் இப்போதே உங்கள் மின்னஞ்சலை இங்கே எழுதுங்கள். மற்றவர்கள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்."

அதற்கு எனக்கு அனுமதி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். பதினோரு பேரும் எழுதினார்கள். வராத மூன்று பேரில் ஒருவர், பின்னத்தைச் சொல்லிக்கொடுத்த அந்த நீலச்சட்டை. அவர் யார், எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, அட்டவணையில் ஒரு வரி. பார்த்துவிட்டு ஒரு மெயில் அனுப்பியிருக்கலாம். பலகையில் எழுதத் துணிந்தவனுக்கு அதற்குத் துணிச்சல் வரவில்லை. விதி, வேலை, வீட்டுக்கடன் மாதத் தவணை.

செவ்வாய்க்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்க்ரிப்ட் தானாக ஓடியது. பிழை எதுவும் வரவில்லை.

டீச்சர், நீங்கள் இதை வாசிக்கிறீர்களா என்று தெரியாது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: எங்கே வேண்டுமானாலும் சந்தியுங்கள். அந்த இடம் என்னைப் போன்ற ஒருவனின் ஸ்க்ரிப்டை நம்பி இருக்கக் கூடாது. அப்புறம், நீலச்சட்டை சாரைக் கண்டுபிடித்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.